கப்பலின் மேற்றளமும் பதினேழு வயதுப் பெண்ணும்

இறக்குவானைக்கு மேலுள்ள மலைச்சரிவில், ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தின் இஸ்தோப்பில் அமர்ந்து, உல்லாசக் கப்பல்களைப் பற்றி விவாதிக்க நேருமென்று நான் ஒருநாளும் எண்ணியதில்லை. அவ்விடத்திலிருந்து பார்த்தாற் கண்ணுக்குத் தெரிவன தேயிலை நிரைகளும், கொழுந்து மடுவத்தின் தகரக் கூரையும், பள்ளத்தாக்கிலிருந்து மேலேறி வரும் மழைமேகமுமே. எனினும் சென்ற டிசம்பர் விடுமுறையில் ஒரு பிற்பகல் முழுவதும் அங்கே கப்பற் பேச்சாகவே கழிந்தது. பேச்சைத் தொடக்கி வைத்தவள் பதினேழு வயதுப் பெண்ணொருத்தி. முடித்து வைத்தவர் அவளுடைய அம்மாயி.

அப்பெண்ணின் தாய் என் பழைய மாணவி. நான் ஆசிரியத் தொழிலுக்கு வந்த புதிதில் என்னிடம் உயர்தர வகுப்பிற் படித்தவள். பின்னர் மருத்துவத் தாதியாகி, மணமுடித்து, அவுஸ்திரேலியாவிற் குடியேறினாள். தந்தை காலமான பின் தாயையும் அங்கே அழைத்துக்கொண்டாள். முப்பத்தைந்து ஆண்டுகள் கொழுந்து பறித்த அந்த அம்மையார் இப்பொழுது மெல்பர்ன் நகரத்து வீடொன்றிற் கறிவேப்பிலைச் செடி வளர்க்கின்றார். அண்ணன் குடும்பம் இன்றும் அதே லயத்தில் இருப்பதால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லோரும் வந்து போவார்கள். வந்தால் எனக்கும் ஓர் அழைப்பு உண்டு.

இம்முறை அவர்கள் வந்தபோது, முந்திய செப்ரெம்பர் பாடசாலை விடுமுறையிற் சென்ற கப்பற் பயணத்தின் கதையையும் கொண்டு வந்தார்கள். சிட்னித் துறையிலிருந்து புறப்பட்டுப் பசிபிக் தீவுகள் சிலவற்றைக் கண்டு திரும்பும் எட்டு நாட் பயணம். தாய், தந்தை, மகள், ஒன்பது வயது மகன், அம்மாயி ஆகிய ஐவர். பாட்டிக்கும் பேத்திக்கும் ஓர் அறை, மற்ற மூவர்க்கும் ஓர் அறை. இரண்டு வருடம் பணம் சேர்த்து எடுத்த பயணச்சீட்டு என்றாள் மாணவி. குடும்பமாக ஒன்றாயிருக்க வேண்டுமென்பதற்காகவே போனோம் என்றும் சொன்னாள். அச்சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இக்கதை நமக்கு அந்நியமானதன்று. 2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் சென்னையிலிருந்து 'எம்பிரஸ்' என்னும் உல்லாசக் கப்பல் புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய நம் துறைகளுக்கு வந்து போயிற்று. 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயருடன் கடலில் இறங்கிய பழைய கப்பல்தான் அது. ஆயினும் தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகுட்டிகளோடு ஏறிய உல்லாசக் கப்பல் என்ற வகையில் நம் பத்திரிகைகளில் அது பெருஞ் செய்தியாயிற்று. கடல் கடந்து வாழும் நம்மவர்க்கோ கப்பற் பயணம் இப்போது கல்யாண வீட்டிற் பேசப்படும் சாதாரண சங்கதி.

நடந்தது இதுதான். கப்பலின் உச்சியில், முன்புறத்தில், ஒரு மேற்றளம். மெத்தையிட்ட சாய்வு நாற்காலிகள், நிழற் பந்தல், ஒரு சிறு நீச்சல் தடாகம், குளிர்பானமும் மதுவும் தரும் ஒரு கடை. வாயிலில் ஒரு கயிறு. அதனருகே ஒரு பலகை. பதினெட்டு வயது நிறைந்தோர்க்கு மட்டும் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டாம் நாட் காலையில் தாயும் பாட்டியும் பேத்தியும் அங்கே போனார்கள். பேத்தியின் கையில் ஒரு தடித்த நாவல். வாயிலில் நின்ற பணியாள் மிகுந்த மரியாதையுடன் அவளுடைய வயதைக் கேட்டான். பொய் சொல்லப் பழகாத பெண், பதினேழு என்றாள். மன்னிக்க வேண்டும் என்று சொல்லி அவன் கயிற்றை மாட்டிவிட்டான். தாயும் பாட்டியும் உள்ளே, மகள் வெளியே.

"நாங்கள் இருவரும் உள்ளே நிற்கிறோம், சேர். என் தோளுக்கு மேல் வளர்ந்த பிள்ளை வெளியே நிற்கிறாள். என்ன செய்வதென்றே விளங்கவில்லை" என்றாள் மாணவி.

அம்மாயி என்ன செய்தார் என்று கேட்டேன். அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாராம். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அந்தப் பெருங் கப்பலில் அவருக்கு வாயும் செவியுமாக இருந்தவள் அப்பேத்தி ஒருத்தியே. தேநீர் கேட்பதற்கும், கழிப்பறைக்கு வழி கேட்பதற்கும் அவள் வேண்டும். பேத்தியை வெளியே நிறுத்திய கயிறு பாட்டியையும் சேர்த்தே வெளியே நிறுத்திவிட்டது. பலகை எழுதியவர்கள் இதனை எண்ணியிருக்க மாட்டார்கள்.

இது அந்த ஒரு கப்பலின் வழக்கமன்று. இன்றைய பெருங் கப்பல்கள் ஏறக்குறைய எல்லாவற்றிலும் இத்தகைய இடமொன்று உண்டு. 2024 ஜனவரியிற் பயணிகளுடன் முதன்முதலாகப் புறப்பட்ட 'ஐக்கன் ஒஃப் த சீஸ்' என்னும் கப்பலில் இருபது தளங்கள் உள்ளன. நிறைந்தால் 7,600 பயணிகள் வரை கொள்ளும். நம் பக்கத்துப் பெருந் தோட்டங்கள் பலவற்றின் குடித்தொகை முழுவதும் ஒரே கப்பலில் ஏறினாலும் இடம் மிஞ்சும். அத்தனை பேர் கூடுமிடத்தில் அமைதி என்பது விலையுள்ள பண்டமாகிவிடுகின்றது. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வயதைக் குறித்து ஒரு மூலையை வேலியிட்டு வைத்திருக்கின்றது. ரோயல் கரிபியன் நிறுவனத்தின் 'சொலேரியம்' என்னும் பகுதிக்கு 16 வயது போதும். டிஸ்னி நிறுவனத்தின் கப்பல்களிற் பெரியோர்க்கான தடாகத்துக்கு 18. கார்னிவல் நிறுவனத்தின் 'செரனிற்றி' என்னும் தளத்திற்கு 21. பிரின்சஸ் நிறுவனம் தன் அமைதித் தளத்திற்குத் தனிக் கட்டணமும் வாங்குகின்றது. ஆங்கிலேயரின் பழம்பெரும் பி அன்ட் ஓ நிறுவனமோ 'ஆர்க்கேடியா', 'அரோரா' என்னும் இரு கப்பல்களை முழுமையாகவே வளர்ந்தோர்க்கென ஒதுக்கிவிட்டது. 2021இற் பயணிகளை ஏற்றத் தொடங்கிய வேர்ஜின் நிறுவனத்தின் கப்பல்களிற் பதினெட்டு நிறையாத எவரும் ஏறவே இயலாது. இவை எந்த அரசாங்கத்தின் சட்டமும் அல்ல. கப்பல் முதலாளிகள் தாமே வகுத்துக்கொண்ட விதிகள்.

16, 18, 21 என்னும் இம்மூன்று எண்களையும் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நம் நாட்டுச் சட்டப் புத்தகத்திலும் இம்மூன்றுமே உள்ளன. 2021ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி ஒரு பிள்ளையை வேலைக்கு அமர்த்தக்கூடிய மிகக் குறைந்த வயது 16. வாக்களிக்கும் வயது 1959 முதல் 18. மதுவும் புகையிலையும் விற்கலாகாதென்று 2006ஆம் ஆண்டுச் சட்டம் விதித்த எல்லை 21. சட்டத்தின் கண்ணில் ஒருவர் முழு மனிதராகும் வயதே 1989 வரை 21ஆக இருந்து, அவ்வாண்டிலேதான் 18 ஆகக் குறைக்கப்பட்டது. ஒரு பிள்ளை எந்த நாளில் வளர்ந்தவராகின்றார் என்பதை எந்த நாடும் உறுதியாக அறிந்ததில்லை போலும். அறியாதவிடத்து ஓர் எண்ணைப் போட்டுக்கொள்கின்றார்கள். கப்பற்காரர்களும் அதையே செய்தார்கள்.

அவர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். என் மாணவி இரவுக் கடமை பார்க்கும் தாதி. வாரத்தில் நான்கு இரவுகள் நோயாளரின் முனகலிடையே நடந்து திரிபவள். வீட்டிற்கு வந்தாற் பகலில் உறக்கமும் அரைகுறைதான். எட்டு நாளில் இரண்டு மணி நேரமேனும் யாரும் "அம்மா" என்று அழைக்காத ஓரிடத்திற் கண்மூடிக் கிடக்க விரும்பினாள் என்றால் அதை யார் குறை சொல்ல முடியும்? அம்மேற்றளத்தைத் தேடி வருவோருட் பெரும்பாலோர் இவளைப் போன்றவர்களே. பிள்ளைகளை வெறுப்பவர்கள் அல்லர். பிள்ளைகளாற் களைத்தவர்கள். சத்தத்தைத் தவிர வேறு காரணங்களும் உண்டு. குழந்தைகள் இறங்கும் தடாகத்தின் சுத்தம் பற்றிய கவலை ஒன்று. மது பரிமாறும் இடத்தில் இளையோர் இருக்கலாகாது என்பது மற்றொன்று.

நானும் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எங்கள் கல்லூரியில் ஆசிரியர் ஓய்வறை என்று ஓர் அறை உண்டு. நாற்பது நிமிடம் வகுப்பிற் கத்திவிட்டு வந்தவுடன் அதன் கதவைச் சாத்திக்கொள்வதில் எனக்குள்ள இன்பத்தை எந்த மாணவரிடமும் இதுகாறும் வெளியிட்டதில்லை. அக்கதவிற் பலகை இல்லை, கயிறும் இல்லை. ஆயினும் மாணவர் எவரும் உள்ளே வருவதில்லை. வாயிலில் நின்று, ஒரு காலை மாற்றி ஒரு காலில் ஊன்றி, "சேர்" என்று மெல்ல அழைப்பார்கள். கப்பலின் மேற்றளத்தை நான் கண்டிப்பதானால் அந்த அறையிலிருந்து முதலில் எழுந்து வந்தாக வேண்டும்.

ஆகவே, வளர்ந்தோர்க்கு ஒரு மூலை வேண்டும் என்பதில் எனக்கு வழக்கில்லை. என் வழக்கு இடையில் அகப்பட்டுக்கொண்ட பருவத்தைப் பற்றியது. ஒன்பது வயது மகனுக்குக் கப்பலில் ஒரு குறையுமில்லை. சிறுவர்க்கான கூடம் ஒன்று இருந்தது. காலையிற் கையெழுத்திட்டு விட்டால் மாலை வரை பார்த்துக்கொள்வார்கள். வர்ணம் தீட்டல், விளையாட்டு, தின்பண்டம் யாவும் உண்டு. அம்மாயி அதனைக் கண்டவுடன், "இது நம்ம பிள்ளைக் காம்பராதானே!" என்றாராம். கொழுந்துக்குப் போகும் தாய்மார் குழந்தைகளை ஆயாவிடம் விட்டுச் செல்லும் அதே ஏற்பாடு. இங்கே நிலைக்கண்ணாடியும் நீலப் பந்துகளும் கூடுதல். பதினேழு வயதுப் பெண்ணுக்கு அங்கே வேலையில்லை. இளையோர்க்கென்று வேறொரு கூடம் உண்டு. பன்னிரண்டு முதற் பதினேழு வரை எல்லோரும் அதற்குள். இவளோ பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளிடையே அக்காள் போலவும் ஆசிரியை போலவும் நிற்க வேண்டியிருந்தது. இருட்டறை, அதிரும் இசை. பெற்றோரும் உள்ளே வந்து பார்க்க அனுமதியில்லை. ஆக, அக்கப்பலிற் பெரியோர் பிள்ளைகளை விலக்கிய இடம் ஒன்று. பிள்ளைகள் பெரியோரை விலக்கிய இடம் ஒன்று. ஒரு குடும்பம் ஒன்றாக அமர்ந்து கடலைப் பார்க்கும் இடம் எது என்பதுதான் எந்தப் பலகையிலும் எழுதப்படவில்லை.

அவள் செய்ய விரும்பியது என்ன? ஒரு நாற்காலியில் அமர்ந்து புத்தகம் படிக்க விரும்பினாள். இடையிடையே பெரியவர்கள் பேசுவதைக் கேட்க விரும்பினாள். அதற்கு மேல் ஒன்றுமில்லை. அம்மேற்றளத்தில் அவளைவிட மூன்று மடங்கு வயதுடைய சிலர் கையிற் கிண்ணத்துடன் உரக்கச் சிரித்துக்கொண்டிருந்தனர் என்பதையும் மாணவி சொன்னாள். அமைதியைக் காப்பதற்காக இட்ட கயிறு அமைதியானவளை வெளியே நிறுத்தி, ஆரவாரம் செய்தவர்களை உள்ளே வைத்திருந்தது. வயதை அளக்க ஒரு பிறப்புச் சான்றிதழ் போதும். நடத்தையை அளக்க ஒருவர் கண் திறந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். எது மலிவோ அதுவே விதியாகிவிடுகின்றது.

பெரியோர் பேச்சைக் கேட்கும் அந்த விருப்பத்தை நான் நன்கு அறிவேன். நான் பிறந்தது எட்டியாந்தோட்டைப் பக்கத்து இறப்பர்த் தோட்டமொன்றில். பெற்றோர் இருவரும் பால் வெட்டுபவர்கள். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் நாங்கள் ஆறு பேர். வளர்ந்தோர்க்கு ஒரு மூலை, இளையோர்க்கு ஒரு மூலை என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை. மழை பெய்தாற் பால் வெட்டு இல்லை. சப்ரகமுவவிலோ மழைக்குப் பஞ்சமில்லை. அந்நாட்களில் அண்டை அயலார் எல்லோரும் எங்கள் இஸ்தோப்பிற் கூடுவார்கள். கூலிக் கணக்கு, சங்கச் சந்தா, எவர் வீட்டுப் பெண்ணுக்கு எவ்விடத்து மாப்பிள்ளை, எந்தக் கணக்கப்பிள்ளை நிறுவையிற் குறைத்தார் என்பன யாவும் அங்கே அலசப்படும். நான் ஒரு மூலையிற் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, படிப்பது போலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பேன். கேட்கத் தகாத பேச்சு வரும்போது அம்மா தொண்டையைக் கனைப்பார். பேச்சு திசை மாறும். பதினாறு, பதினேழு வயதில் உலகத்தைப் பற்றி நான் கற்றவற்றுள் அரைப்பங்கு அந்த இஸ்தோப்பிற் கற்றதே.

அவ்வாழ்வை நான் புகழ்கிறேன் என்று எவரும் கொள்ள வேண்டாம். மறைவென்பதே இல்லாத அக்காம்பராவில் என் அக்காமார் பட்ட சங்கடம் எனக்குத் தெரியும். புதுமணத் தம்பதியர் பட்ட சங்கடம் இன்னும் பெரிது. அவர்களுக்கு ஒரு கயிறும் ஒரு பலகையும் கிடைத்திருந்தால் வாழ்த்தியிருப்பார்கள். இன்றும் சப்ரகமுவத் தோட்டங்களிற் பழைய லயங்கள் நிற்கின்றன. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் தெருவிளக்கைத் தேடிப் போவதையும் காண்கிறேன். இடமின்மை ஒரு துன்பம். இருக்கும் இடத்தை வயதினால் வெட்டிப் பங்கிடுவது வேறொரு துன்பம். இரண்டாவது முதலாவதற்கு மருந்தாகாது என்பதே நான் சொல்ல வந்தது.

பிள்ளைகளைப் பெரியோர் கூட்டத்திலிருந்து பிரித்து வைப்பது ஆங்கிலேய மேட்டுக்குடியினரின் பழைய வழக்கம். துரைமார் பங்களாக்களில் அதை நம் முன்னோர் கண்டிருக்கின்றார்கள். பிள்ளைக்கு ஆயா வேறு, உணவு வேளை வேறு. ஏழெட்டு வயதானவுடன் சீமைக்கு அனுப்பிவிடுவார்கள். நம்மவர் கப்பல்கள் அப்படியல்ல. 1926இற் கட்டப்பட்டு, சென்னை, நாகபட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நெடுங்காலம் ஓடிய 'ரஜுலா' என்ற கப்பலை வயோதிகர்கள் நினைவிற் கொண்டிருப்பார்கள். மேல் வகுப்பிற் சிலர். தளப் பயணிகள் ஆயிரக்கணக்கானோர். பாயை விரித்த இடமே அறை. தாத்தா, பாட்டி, கைக்குழந்தை, கல்யாணத்திற்கு நின்ற பெண் எல்லோரும் ஒரே பாயில். அங்கே கயிறு உண்டு. அது வயதைப் பிரிக்கவில்லை, பணத்தைப் பிரித்தது. அக்கொடுமையோடு ஒப்பிட்டால் இன்றைய கயிறு மிக மென்மையானதுதான்.

மூன்றாம் நாள் இரவு கப்பல் அறைக்குள் ஒரு சிறு பிணக்கு மூண்டது. தந்தை, விதி என்றால் விதிதானே, எட்டு நாளைக்கு என்ன பெரிய வழக்கு என்றார். மாணவி அன்று பிற்பகல் தனியே மேற்றளத்துக்குப் போய் இரண்டு மணி நேரம் உறங்கிவிட்டு வந்திருந்தாள். உறங்கியதற்காகவே ஒரு குற்றவுணர்வு. மகள் அழவில்லை, கத்தவுமில்லை. "அம்மா, நான் அங்கே சத்தம் போட்டேனா?" என்று மாத்திரம் கேட்டாளாம். அதற்கு மறுமொழி சொல்ல எனக்குத் தெரியவில்லை, சேர் என்றாள் என் மாணவி. இருபத்தைந்து வருடத்துக்கு முன் வகுப்பில் என் கேள்விகள் எல்லாவற்றுக்கும் கையுயர்த்தியவள் அவள்.

கப்பலிற் செல்ல எண்ணும் குடும்பங்களுக்கு அவள் சொல்லச் சொன்ன சில செய்திகளை இங்கே தருகின்றேன். சீட்டு வாங்குமுன் எந்தத் தளத்துக்கு எந்த வயது என்பதை எழுத்தில் கேட்டறிந்துகொள்ளுங்கள். பதினாறுக்கு இடங்கொடுக்கும் கப்பலும், இருபத்தொன்று கேட்கும் கப்பலும் ஒரே துறையிலிருந்து புறப்படலாம். பிறந்தநாள் நெருங்கியிருந்தால் வயது எந்த நாளிற் கணக்கிடப்படும் என்றும் கேளுங்கள். புறப்படும் நாளின் வயதையே பலர் எடுத்துக்கொள்கின்றனர். பிள்ளையிடம் முன்னரே சொல்லி வையுங்கள். வாயிலிற் பிறர் முன்னிலையில் நிறுத்தப்படுவதுதான் நோகின்றது. வீட்டிலேயே அறிந்திருந்தால் அத்துணை நோகாது. பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்லி உள்ளே அழைத்துச் செல்லும் யோசனையை மாத்திரம் விட்டுவிடுங்கள். இக்கடைசி வாக்கியம் என்னுடையது; அவள் அவ்வாறு யோசித்ததாகச் சொல்லவில்லை.

நான்காம் நாள் விடியற்காலையில் அம்மாயிதான் வழி கண்டுபிடித்தார். கொழுந்து மலைக்குப் போன உடம்பு. நான்கரை மணிக்கு மேல் உறக்கம் வராது. பேத்தியை எழுப்பிக்கொண்டு படியிறங்கிப் போனார். உச்சித் தளத்திற்குப் பல தட்டுக்கள் கீழே, உயிர்காப்புப் படகுகள் தொங்கும் வரிசையின் அடியிற் கப்பலைச் சுற்றி ஒரு நீண்ட நடைபாதை. சில மரநாற்காலிகள். தடாகம் இல்லை, பந்தல் இல்லை, மதுக்கடை இல்லை, ஆகவே பலகையும் இல்லை. கடல் அங்கே இன்னும் கிட்ட இருந்தது. அன்று முதல் நாள்தோறும் காலையும் மாலையும் இருவரும் அங்கே போய் அமர்ந்தார்கள். ஐந்தாம் நாள் மாணவியும் வந்தாள். மேற்றளத்தின் மெத்தை நாற்காலியை விட அந்த மரநாற்காலியில் நன்றாக உறக்கம் வந்தது என்றாள்.

அவ்விடத்திலேதான், கடலைப் பார்த்துக்கொண்டே, அம்மாயி தம் கப்பற் கதையைப் பேத்திக்குச் சொல்லியிருக்கின்றார். மகளுக்குங்கூட அதுவரை முழுமையாகச் சொல்லாத கதை. இஸ்தோப்பில் எனக்கும் ஒருமுறை சொன்னார்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத்தாருள் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மீதியாயிருந்த 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன. இவ்வெண்கள் நம் மாணவர் பாடப் புத்தகத்தில் உள்ளவை. அம்மாயியின் வீட்டில் அக்கணக்கு வேறு விதமாக விழுந்தது. தந்தை இந்தியாவுக்கு விண்ணப்பித்தார். மனைவியும், வயது வராத தம்பிமார் இருவரும் அவருடைய விண்ணப்பத்தில் அடங்கினர். அம்மாயி வயது வந்தவர். அடுத்த தோட்டத்தில் மணமுடித்தவர். ஆகவே அவர் பெயர் அத்தாளில் இல்லை. கணவன் வீட்டோடு இலங்கைக்கென்று ஆயிற்று.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஒருநாள் தலைமன்னார்த் துறைக்கு வழியனுப்பப் போனார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின் கப்பல் இராமேஸ்வரத்துக்கு ஓடிக்கொண்டிருந்த காலம். சீட்டுள்ளவர்கள் மட்டும் அப்பால் போகலாம். தகரப் பெட்டி, பாய்ச்சுருள், அம்மியின் குழவி ஆகியவற்றோடு பெற்றோர் போனார்கள். தம்பிமார் இருவரும் கப்பலைப் பார்த்த மகிழ்ச்சியில் ஓடினார்கள். சற்று நேரம் கழித்துத் தாயின் தலை மேற்றளத்துக் கம்பியின் மேல் தெரிந்தது.

"எங்காத்தா அந்தக் கம்பியப் புடிச்சிக்கிட்டு நின்னாங்க, மாஸ்டர். நான் இங்கிட்டு. பெரிய பிள்ளையாயிட்டேன்னுதான் என்னய விட்டுட்டுப் போனாங்க. அப்புறம் பாக்கவேயில்ல" என்றார் அம்மாயி.

மழை தொடங்கிவிட்டது. தகரக் கூரையின் ஓசையிற் சிறிது நேரம் எவரும் பேசவில்லை. மாணவியின் அண்ணி தேநீர் கொண்டு வந்தாள். பேச்சை மாற்றுவதற்காக மாணவி, மகளுக்கு வரும் மார்ச் மாதத்திற் பதினெட்டு நிறைகின்றது, அடுத்த பயணத்தில் மேற்றளத்திற்கு எல்லோரும் சேர்ந்து போகலாம் என்றாள். பெண் தன் புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்திப் புன்னகை செய்தாள்.

அம்மாயி தேநீரை ஊதிக்கொண்டிருந்தார். இஸ்தோப்பின் ஓரத்தில் மழைநீரிற் காகிதக் கப்பல் விட்டுக்கொண்டிருந்த ஒன்பது வயதுப் பேரனைப் பார்த்தார்.

"அப்ப சின்னவன்?" என்று கேட்டார்.